ஆர்சிங்க்ல மைனஸ் சி போடாத பேக்கப், பேக்கப்பே இல்லையாம்!

வட்டுவைத்தியர்
"டிஸ்க் போகப்போகுது, பாட்டையெல்லாம் எப்படிக் காப்பாத்துறது" திரியில நேத்து கேசட்காலம் சார் தீர்ப்பே எழுதிட்டார்: "ஆர்சிங்க்கில் மைனஸ் சி போடாமல் எடுத்தது பேக்கப்பே அல்ல." அதுக்கு நாலு பேர் லைக் வேற. அந்தத் திரியைக் கெடுக்க வேண்டாம்னு தனியா ஆரம்பிக்கிறேன்.

ஆர்சிங்க்ங்கிறது (rsync) ஒரு இடத்துக் கோப்புகளை இன்னொரு இடத்துக்கு ஒத்திசைச்சு காப்பி பண்ற நிரல், மைனஸ் சி (-c) அதோட ஒரு ஆப்ஷன். சும்மா ஓட்டினா அது கோப்போட அளவையும் கடைசியா மாத்தின நேரத்தையும்தான் பார்க்கும். ரெண்டும் ஒத்துப்போனா தொடாது. மைனஸ் சி போட்டா நேரத்தைக் கண்டுக்காது. அளவு ஒத்துப்போற ஒவ்வொரு கோப்பையும் ரெண்டு பக்கமும் முழுசாப் படிச்சு செக்சம் (உள்ளடக்கத்துலேருந்து கணக்கிடுற அடையாள எண்) ஒப்பிடும். இப்போ மூல டிஸ்க்ல ஒரு ஃபிளாக் (FLAC, ஒலித்தரம் குறையாத பாட்டு வடிவம்) கோப்பு சத்தமில்லாம கெட்டுப்போச்சுன்னு வைங்க. அளவு மாறல, நேரம் மாறல. மைனஸ் சி இல்லேன்னா பேக்கப்ல இருக்கிற நல்ல கோப்பு தப்பிச்சுது. இருந்தா, "ஆஹா வித்தியாசம்"னு கெட்டதைக் கொண்டுபோய் நல்லது மேல எழுதிடும். இதுக்குப் பேரு பேக்கப்பா?

கேசட்காலம்
மருத்துவர் பாதி மருந்துதான் கொடுக்கிறார். ஃபிளாக் என்கோடர் பின்னால் டேக் (பாடகர், ஆல்பம் போன்ற விவரக் குறிப்பு) எழுதுவதற்கென்று ஒவ்வொரு கோப்பிலும் 8192 பைட் காலியிடம் விட்டுவைக்கும். 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் கோப்பென்றால் 65536. பாடகர் பெயரைத் திருத்தினால் அந்தக் காலியிடம் கூடும் அல்லது குறையும், கோப்பின் மொத்த அளவு மாறாது. டேக் எடிட்டரில் "மாற்றிய நேரத்தை அப்படியே வை" என்ற பெட்டியில் டிக் இருந்தால் நேரமும் மாறாது. புதிதாகச் சேர்த்தவை என்ற வரிசை குலையக் கூடாதென்று அந்த டிக்கைப் போட்டு வைத்திருப்பவர்கள் இங்கேயே எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து திருத்திய டேக் ஒன்றுகூட பேக்கப்புக்குப் போயிருக்காது. டிஸ்க் போன பிறகுதான் அது தெரியவரும். மைனஸ் சி போட்டால் பிடிபடும். ஆகவே மைனஸ் சி போடாதது பேக்கப் அல்ல. மறுபடியும் சொல்கிறேன், அல்ல.

வட்டுவைத்தியர்
அந்த டிக்கை எடுத்துட்டா முடிஞ்சது. ஒரு டிக்கை எடுக்க மனசில்லாம 2 டிபியை வாராவாரம் அடிமுதல் நுனிவரைக்கும் படிப்பாராம். வினாடிக்கு 150 எம்பின்னு தாராளமாக் கணக்குப் போட்டாலும் ஒரு பக்கம் படிக்கவே மூணே முக்கால் மணி நேரம். யுஎஸ்பி பெட்டிக்குள்ள இருக்கிற சின்ன டிஸ்க்னா இன்னும் மேல.

கேசட்காலம்
முழுதாகப் படிப்பது குறையா? படிக்காமலே கிடக்கும் செக்டார் (டிஸ்க் பரப்பின் ஒரு சிறு துண்டு) கெட்டிருப்பது, படிக்கும் நாளில்தான் தெரியும். மைனஸ் சி அந்த வேலையையும் சேர்த்தே செய்கிறது.

வட்டுவைத்தியர்
அதுக்குத்தான் டிஸ்க்கோட உடல்நிலையைப் பார்க்கிற ஸ்மார்ட்சிடிஎல்ல (smartctl) லாங் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. டிஸ்க்கே உள்ளுக்குள்ள தன் பரப்பு முழுசையும் படிச்சுப் பார்த்துக்கும். பேக்கப் மேல ஒரு பைட்கூட எழுதாது.

கேசட்காலம்
லாங் டெஸ்ட் கேபிளைப் பார்க்குமா? ரேமைப் பார்க்குமா? யுஎஸ்பி பிரிட்ஜ் சிப்பைப் பார்க்குமா? ஒவ்வொரு செக்டாருக்கும் ஈசிசி என்னும் பிழைதிருத்தக் குறியீடு உண்டு. செக்டார் கெட்டால் டிஸ்க் பெரும்பாலும் படிக்க முடியவில்லை என்று பிழைதான் காட்டும்; தப்பான தரவைச் சரியென்று நீட்டுவது அபூர்வம். நீங்கள் சொல்லும் "சத்தமில்லாமல் கெட்டது" பெரும்பாலும் ரேமிலோ வழியிலோ, எழுதும்போதே கெட்டது. அப்படி எழுதினால் நேரமும் மாறியிருக்கும், மைனஸ் சி இல்லாமலேயே கெட்டது பேக்கப்புக்குப் போய்விடும். ஆக, உங்கள் பயமுறுத்தலுக்கு இடமே இல்லை.

வட்டுவைத்தியர்
பெரும்பாலும், அபூர்வம். எஸ்எம்ஆர் (தடங்களை ஒண்ணுமேல ஒண்ணு கொஞ்சம் ஏறுற மாதிரி எழுதுற, மாத்தி எழுதினா மெதுவாகிற டிஸ்க் வகை) திரியிலயும் இதே பாட்டுத்தான். 2020ல வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில 2 டிபியிலிருந்து 6 டிபி வரைக்கும் எஸ்எம்ஆர் இருக்குன்னு கம்பெனியே ஒத்துக்கிட்ட பிறகும் "பெரும்பாலும் பாதிப்பில்லை"ன்னு எழுதிக்கிட்டிருந்தவர்தானே நீங்க.

நிசப்தம்
ஃபிளாக்தானே? கோப்புக்குள்ளேயே எம்டி5ன்னு ஒரு செக்சம் இருக்கு. சிங்க் பண்றதுக்கு முன்னாடி ஃபிளாக் மைனஸ் டி (-t, சோதனை) ஓட்டுங்க. ஒவ்வொண்ணையும் டிகோட் பண்ணிப் பார்த்து, கெட்டது எதுன்னு பேர் சொல்லிடும். அது சுத்தம்னா அப்புறம் மைனஸ் சி போட்டா என்ன, போடாட்டி என்ன.

வட்டுவைத்தியர்
இதைத்தான் நானும் சொல்றேன். மைனஸ் சி வேண்டாம்.

கேசட்காலம்
இதைத்தான் நானும் சொல்கிறேன். சோதித்துவிட்டு மைனஸ் சி போடுங்கள். அந்த எம்டி5 டிகோட் செய்த ஒலிக்கு மட்டும்தான். டேக்குக்கும் அட்டைப்படத்துக்கும் கிடையாது. டேக் கெட்டாலும் ஃபிளாக் மைனஸ் டி சரியென்றே சொல்லும். பழைய சில மென்பொருள்கள் எம்டி5 இடத்தை வெறும் பூஜ்ஜியமாக விட்டிருக்கும், அங்கே ஒப்பிட எதுவும் இல்லை. எம்பி3க்கு அதுவும் இல்லை.

நிசப்தம்
பூஜ்ஜியமா இருந்தாலும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (ஒலியோட சின்னத் துண்டு) 16 பிட் சிஆர்சிங்கிற பிழைச் சோதனை எண் இருக்கு, டிகோட் பண்ணும்போது அது காட்டிக்கொடுத்துடும். எம்பி3க்கு எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) நிரல்ல ஆடியோவை மட்டும் காப்பி மோடுல எடுத்து எம்டி5 போட்டு ஒரு பட்டியல் வெச்சுக்கலாம். டேக் மாத்தினாலும் அந்த எண் மாறாது. முழுக் கோப்புக்கும் ஷா256 செக்சம் பட்டியல் வெச்சா டேக் மாத்தினதும் மாறும், எது கெட்டது எது திருத்தினதுன்னு குழம்பும்.

பூஜ்ஜியம்
அந்தத் திரியில கேட்டவர், டிஸ்க் தன் நிலையைத் தானே எண்ணிவைக்கிற ஸ்மார்ட் அறிக்கையில 197 ஏறுதுன்னு எழுதியிருந்தார். அங்க யாரும் பதில் போடல, எல்லாரும் இங்க வந்து கத்துறீங்க. அவர் இதைப் படிச்சா:

197ங்கிறது படிக்க முடியாம நிலுவையில நிக்கிற செக்டார் எண்ணிக்கை. கூடவே 5ஐயும் (மாத்தி ஒதுக்கின செக்டார்) 198ஐயும் (திருத்த முடியாத செக்டார்) பாருங்க. 199 (தரவு வர்ற வழியில நடக்கிற பிழை) மட்டும் ஏறினா டிஸ்க்கைக் குறை சொல்லாதீங்க, கேபிளை மாத்துங்க. 197 ஏறிக்கிட்டே இருந்தா உடனே அன்மவுண்ட் (கணினி அந்த டிஸ்க்கைப் பயன்படுத்துறதை நிறுத்துறது). செக்டிஸ்க், எஃப்எஸ்சிகே எதுவும் ஓட்டக் கூடாது. அதுங்க கோப்பு முறைமையைச் சரிபண்ணப் பார்க்கும், சாகக் கிடக்கிற டிஸ்க் மேலயே எழுதும். கோப்பு கோப்பா இழுக்கிறதும் வேண்டாம். தலை அங்கயும் இங்கயும் ஓடும், கெட்ட இடத்துல நின்னு நின்னு முயற்சி பண்ணும்.

முடிஞ்சா யுஎஸ்பி பெட்டியிலிருந்து கழட்டி நேரா சாட்டாவுல மாட்டுங்க. அதே அளவோ பெரிசோ இன்னொரு டிஸ்க் எடுத்து டிடிரெஸ்க்யூ (ddrescue, கெட்டுப்போற டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கிற நிரல்) ஓட்டுங்க. முதல் சுற்று மைனஸ் என் (-n, கெட்ட இடத்தைச் சுரண்டாம விட்டுடும்), கட்டாயம் மேப் கோப்போட (எது வந்தது, எது வரலைங்கிற குறிப்பு). மேப் கோப்பை மூணாவதா ஒரு நல்ல டிஸ்க்ல வைங்க. நடுவுல கரண்டு போனாலும் விட்ட இடத்துலேருந்து தொடரும். நல்ல இடமெல்லாம் முதல் சுற்றிலேயே வந்துடும். ரெண்டாவது சுற்று மைனஸ் டி (-d, டிஸ்க்கை நேரடியாப் படிக்கிறது), மைனஸ் ஆர் 3 (-r3, மூணு தடவை மறுமுயற்சி). மூல டிஸ்க் எது, இலக்கு எதுன்னு மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு என்டர் தட்டுங்க. மாத்திப் போட்டா அதோட கதை முடிஞ்சுது. சரிபண்ற வேலையெல்லாம் அப்புறம் காப்பி மேலதான்.

இரவல்ராகம்
டக் டக்னு சத்தம் வந்தா பாலிதீன் கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா ஓடும்னு சொல்வாங்களே?

வட்டுவைத்தியர்
சொல்வாங்க. வெளியே எடுத்ததும் தட்டு மேல ஈரம் படியும், அதுமேல தலை ஓடும். டக் டக் வந்தா மின்சாரத்தை நிறுத்திட்டு, கிளீன் ரூம் வெச்சிருக்கிற ஆளுங்ககிட்ட குடுக்கிற அளவுக்கு அந்தப் பாட்டு முக்கியமான்னு முடிவு பண்ணுங்க. சரி, பூஜ்ஜியம் சொன்னதுலயே என் கட்சி நிக்குது பாருங்க. டிடிரெஸ்க்யூவால படிக்க முடியாத செக்டாருக்குக் காப்பியில எதுவும் எழுதாது; துடைச்ச டிஸ்க்னா அங்க வெறும் பூஜ்ஜியம், இல்லேன்னா அதுல முன்னாடி இருந்த குப்பை. கோப்போட அளவு மாறாது, நேரம் மாறாது. இப்போ கேசட்காலம் பேச்சைக் கேட்டு அந்தக் காப்பியிலிருந்து பழைய பேக்கப்புக்கு மைனஸ் சி போட்டு ஓட்டினா, ஓட்டை விழுந்த பாட்டெல்லாம் நல்ல பாட்டு மேல ஏறும். அபூர்வமாம்!

கேசட்காலம்
மீட்டெடுத்த டிஸ்க்கிலிருந்து பேக்கப்புக்கு எழுதச் சொன்னது யார்? பேக்கப்பிலிருந்துதான் எழுத வேண்டும். திசை தெரியாதவருக்கு மைனஸ் சி மீது என்ன கோபம்?

பூஜ்ஜியம்
ஓட்டை எதுலன்னு கண்டுபிடிக்க டிடிரெஸ்க்யூலயே ஃபில் மோடு இருக்கு. மேப் கோப்பைக் குடுத்தா படிக்க முடியாத இடத்துல எல்லாம் நீங்க சொல்ற ஒரு சொல்லை நிரப்பும். அப்புறம் கிரெப் (கோப்புக்குள்ள சொல் தேடுற கட்டளை) பண்ணினா அந்தச் சொல் இருக்கிற கோப்பெல்லாம் அடிபட்டது. காப்பி மேல மட்டும் செய்யுங்க. அடிபட்டதுக்கு வேற பிரதி இல்லேன்னா ஃபிளாக்ல "பிழை வந்தாலும் டிகோட் பண்ணு"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. ஒரு ஃபிரேம் வழக்கமா 4096 சாம்பிள், 44.1 கிலோஹெர்ட்ஸ்ல 0.09 வினாடி. ஒரு செக்டார் போனா ஒரு சின்ன வெட்டு, மிச்சப் பாட்டு கேட்கும்.

மேகலை_எம்
ஒரு சந்தேகம். மேக்ல எச்எஃப்எஸ் பிளஸ்ங்கிற பழைய கோப்பு முறைமை இருக்கிற டிஸ்க்லேருந்து லினக்ஸ் பெட்டிக்கு சிங்க் பண்ணினா, தமிழ்ப் பேர் வெச்ச ஆல்பம் சிலது மட்டும் ரெண்டு ரெண்டா வருது. கண்ணுக்கு ரெண்டும் ஒரே பேர். மத்ததெல்லாம் சரியா இருக்கு.

கேசட்காலம்
மைனஸ் சி போட்டுப் பாருங்கள்.

மேகலை_எம்
போட்டாச்சு, சார். பேரே வேறன்னு நினைக்கிற கோப்பை எதோட ஒப்பிடும்?

நிசப்தம்
கொ, கோ, கௌ மாதிரி எழுத்து இருக்கிற பேரா பாருங்க. லினக்ஸ்ல ஒகரக் குறி ஒரே யுனிகோடு எண். எச்எஃப்எஸ் பிளஸ் அதைப் பிரிச்சு ஒற்றைக்கொம்பு தனி, கால் தனின்னு சேமிக்கும். திரையில ஒண்ணு, பைட்ல ரெண்டு. ஆர்சிங்க்ல கோப்புப் பேரோட எழுத்துக் குறியீட்டை மாத்துற ஐகான்வ் ஆப்ஷன் இதுக்குத்தான்: மேக் பக்கம் யுடிஎஃப்-8-மேக், அந்தப் பக்கம் யுடிஎஃப்-8. ஆர்சிங்க் 3.0.0லதான் அது வந்துச்சு. மேக்கோட பல வருஷம் வந்த 2.6.9ல கிடையாது, தனியா நிறுவணும். முதல்ல டிரை ரன் (எதையும் எழுதாத ஒத்திகை) போட்டுப் பாருங்க, மூலத்துல இல்லாததை இலக்குலயும் அழிக்கிற டிலீட் ஆப்ஷன் வேண்டாம்.

வட்டுவைத்தியர்
டிலீட்டைப் பத்தி வாயைத் திறந்ததால சொல்றேன். மூலத்துல படிக்கும்போது ஐஓ பிழை வந்தா ஆர்சிங்க் அழிக்கிற வேலையைத் தானே நிறுத்திக்கும். ஆனா மூல டிஸ்க் மவுண்டே ஆகலேன்னா அங்க இருக்கிறது ஒரு காலி டைரக்டரி. அதுல பிழை எதுவும் இல்லையே. "மூலம் காலி, அதனால பேக்கப்பும் காலி"ன்னு மொத்தத்தையும் துடைச்சுட்டுப் போயிடும். கிரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட்டுற வசதி) போட்டு வெச்சிருக்கிறவங்க மேக்ஸ் டிலீட்னு ஒரு வரம்பு குடுங்க. மூலத்துல ஒரு அடையாளக் கோப்பு வெச்சு, அது கண்ணுல பட்டாத்தான் ஸ்கிரிப்ட் மேல போகணும்னு எழுதுங்க. மைனஸ் சி இதுல எதைக் காப்பாத்துது?

கேசட்காலம்
மைனஸ் சி போடுபவன் கிரானில் போட்டுவிட்டுத் தூங்கமாட்டான்.

நிசப்தம்
ரெண்டு பேருக்கும் ஒரு வழி இருக்கு. மைனஸ் சியை டிரை ரன்னோட, ஐட்டமைஸ் ஆப்ஷனும் சேர்த்து ஓட்டுங்க. எதுவும் எழுதாது, பட்டியல் மட்டும் வரும். ஒவ்வொரு வரியிலயும் மூணாவது இடம் செக்சம், நாலாவது அளவு, அஞ்சாவது நேரம். மூணாவதுல சி இருந்து நாலும் அஞ்சும் புள்ளியா இருந்தா உள்ளடக்கம் மட்டும் மாறியிருக்குன்னு அர்த்தம். ஒண்ணு நேரத்தை மாத்தாம டேக் திருத்தினது, இல்ல கெட்டது. அந்தக் கோப்புகளை மட்டும் ஃபிளாக் மைனஸ் டி போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். நிஜமா ஓட்டும்போது பேக்கப் டைரக்டரி ஆப்ஷன்ல தேதி போட்ட ஒரு ஃபோல்டர் குடுங்க. மேல எழுதப்படுறதும் அழிக்கப்படுறதும் அங்க போய் உட்காரும். இலக்கு ஃபோல்டருக்கு வெளியே, அதே டிஸ்க்ல வைங்க.

வட்டுவைத்தியர்
ஆக மைனஸ் சியை எழுதவே விடாம கட்டிப் போட்டாத்தான் உருப்படுதுன்னு நிசப்தமே சொல்லிட்டார்.

கேசட்காலம்
ஆக மைனஸ் சி இல்லாமல் கண்டுபிடிக்கவே முடியாதென்று நிசப்தமே சொல்லிவிட்டார்.

நிசப்தம்
நான் எதுவும் சொல்லல.

இரவல்ராகம்
ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல எழுதுற ரெய்டு 1 போட்டுட்டா இந்த வம்பே இல்லையே?

வட்டுவைத்தியர்
வந்துட்டார். ஒரு டிஸ்க்ல டேக் எடிட்டர் தப்பா எழுதினா அதே நொடியில இன்னொண்ணுலயும் எழுதும். கேசட்காலம் சார், இதுவும் மைனஸ் சி ஜாதிதான், கொஞ்சம் வேகமான மைனஸ் சி.

கேசட்காலம்
ரெய்டுக்கும் மைனஸ் சிக்கும் முடிச்சுப் போடுபவரிடம் பேசிப் பயனில்லை. எஸ்எம்ஆர் திரியில் நான் எழுதியதையும் அரைகுறையாகத்தான் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஒருமுறை எழுதிவிட்டு அலமாரியில் வைக்கும் ஒற்றை டிஸ்க்குக்குப் பாதிப்பில்லை, ரெய்டு ரீபில்ட் செய்தால் திணறும் என்று இரண்டையும் எழுதியிருந்தேன். இணைப்பு எடுத்துப் போடட்டுமா?

வட்டுவைத்தியர்
போடுங்க. நீங்க அதைத் திருத்தின தேதியையும் சேர்த்துப் போடுங்க, அளவும் நேரமும் மாறாம திருத்தியிருக்கப் போறீங்க.