நீங்கள் எந்தப் பக்கம்? வடக்கு, கிழக்கு, மலையகம்: நமக்குள்ளேயே பட்டவை

போகவந்தலாவை ஆசிரியை:

இலங்கைத் தமிழர் பட்ட பாட்டை எழுத நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரு பகுதித் தமிழர் இன்னொரு பகுதித் தமிழரை நடத்துகிற விதத்தைப் பற்றி வாய் திறந்தால் மட்டும், "இப்போது போய் இதையெல்லாம் ஏன் கிளறுகிறீர்கள்?" என்று அடக்கிவிடுகிறார்கள். பட்டவர்கள் கிளறாமல் வேறு யார் கிளறுவது? எனக்கு நேர்ந்ததை நான் சொல்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததை நீங்களும் சொல்லுங்கள்.

போர் முடிந்த பிறகு எனக்கு ஆசிரியர் நியமனம் கிளிநொச்சியில் கிடைத்தது. பாடசாலைக்குப் பக்கத்தில் "அறை வாடகைக்கு" என்று அட்டை தொங்கிய ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா அன்பாகத்தான் உட்காரவைத்தார், தேநீர் தந்தார். முன்பணம், கிணறு, மின்சாரக் கட்டணம் என்று எல்லாம் பேசியாகிவிட்டது. "பிள்ளை எந்த இடம்?" என்றார்.

"ஹட்டன் பக்கம், அம்மா."

"ஹட்டன் டவுனோ?"

"இல்லை அம்மா, போகவந்தலாவை. அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள்."

பேச்சு அங்கேயே நின்றது. அறையைத் தம்பி மகளுக்குப் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் அதே அறைக்கு எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த சாவகச்சேரி ஆசிரியை குடிபோனார். தம்பி மகள் என்று ஒருவர் வரவே இல்லை.

அறை கிடைக்காத கோபம்கூட நாளடைவில் ஆறிவிட்டது. ஆறாதது இன்னொன்று. என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மூத்த ஆசிரியை ஒருவர், "டீச்சர், உங்கள் தோட்டத்தில் வீட்டு வேலைக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் சொல்வழி கேட்பார்கள்" என்றார். என்னை நோகடிக்க வேண்டுமென்று அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நான் பட்டதாரி, அவர் வகுப்புக்குப் பக்கத்து வகுப்பில் கணிதம் படிப்பிக்கிறவள். அவர் கண்ணுக்கு நான் வேலைக்காரப் பிள்ளை பிடித்துத் தரக்கூடிய ஓர் ஆளாகவே தெரிந்திருக்கிறேன்.

இந்த எண்ணம் வானத்திலிருந்து விழவில்லை. 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பஞ்சம். மாவும் அரிசியும் பங்கீட்டில் குறைந்துபோய், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் பட்டினியால் செத்தார்கள். ஒரு வாயாவது குறையட்டும் என்று பிள்ளைகளைக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வீட்டு வேலைக்கு அனுப்பிய குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். என் அப்பாவின் தங்கையும் அப்படிப் போனவர். அத்தைக்கென்று அந்த வீட்டில் ஒரு தகரக் கோப்பை இருந்தது. குடித்துவிட்டுக் கிணற்றடியில் கவிழ்த்து வைக்க வேண்டும்; சமையலறைக்குள் அது வரக் கூடாது. பின்னேரம் வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு பாடமாக்கும்போது, முற்றம் கூட்டிக்கொண்டே காதால் கேட்டு அத்தையும் பாடமாக்கிவிட்டார். ஊர் திரும்பிக் கொழுந்து பறிக்கப் போன காலத்தில், நிறுவைக் கணக்கில் கணக்கப்பிள்ளை ஒரு கிலோ குறைத்துப் போட்டாலும் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார். நான் கணித ஆசிரியையானதற்கு அத்தைதான் காரணம். பாடசாலை வாசலை மிதிக்காதவர்.

என் வகுப்பில் பாரதிபுரம், மலையாளபுரம், தர்மபுரம் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிமார் தமிழருக்கெதிரான 1977 வன்செயலில் அடிபட்டு, தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற மலையகத்தை விட்டு ஓடிவந்தவர்கள். தமிழ்ப் பிரதேசத்தில் பாதுகாப்பு என்று நம்பி வந்தார்கள். கிடைத்தது காட்டோரத்து மேட்டுக் காணி. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்கள் முன்னரே குடியேறியவர்களின் கையில் இருந்தன. அந்த வயல்களில் கூலி வேலைதான் இவர்களுக்கு. தோட்டத்தில் துரைக்குச் செய்ததை இங்கே வயல்காரருக்குச் செய்தார்கள். போருக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகள் அந்தக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒருத்தியின் பக்கத்தில் தன் மகளை உட்காரவைக்க வேண்டாம் என்று ஒரு தகப்பன் என்னிடமே வந்து கேட்டார். என் ஊர் எதுவென்று அவருக்குத் தெரியாது. தெரியப்படுத்தினேன். பிள்ளைகள் இருவரும் அந்த வருடம் முழுக்க ஒரே வாங்கில்தான் இருந்தார்கள்.

களுவாஞ்சிக்குடித் தம்பி:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மட்டக்களப்பு என்றால் எங்களுக்குக் கிடைக்கிற முதல் வரவேற்பு, "மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவீர்களாமே?" என்பதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், என் அம்மா செய்து அனுப்பிய பலகாரத்தைத் தொட மறுத்த அறைத் தோழன் ஒருவன் இருந்தான். விளையாட்டு என்று முதலில் நினைத்தேன். அவன் உண்மையாகவே பயந்தான். கிழக்குக்கு வேலைக்குப் போன அவனுடைய பெரியப்பா அங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டாராம்; மருந்து போட்டுத்தான் பிடித்து வைத்தார்கள் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது. வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பார். வெளியூரிலிருந்து வந்து மணம் முடித்த ஒருவருக்கு இருக்க வீடு, செய்ய வயல், வாவியில் மீன், அன்பான மனைவி எல்லாம் கிடைத்தால் அவர் ஏன் திரும்பிப் போக வேண்டும்? ஒரு மனிதர் தன் விருப்பத்தோடு எங்களிடம் தங்கியிருப்பார் என்பதை நம்ப முடியாமல் மந்திரத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள்.

மந்திரக் கதையையாவது சிரித்துத் தள்ளிவிடலாம். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்த பிறகு பட்டது அப்படியல்ல. அப்போது நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு விடுதியில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரு பெரியவர் தினமும் பத்திரிகையை விரித்துக்கொண்டு, "மட்டக்களப்பார் காட்டிக்கொடுத்துவிட்டார்கள்" என்பார். கருணா என்று சொல்ல மாட்டார், மட்டக்களப்பார் என்றுதான் சொல்வார். அந்த ஏப்ரலில் இரு தரப்பும் மோதிய வெருகல் கரையில் செத்தவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். அதற்கு முன்னால் வடக்கின் போர்க்களங்களில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் புதைக்கப்பட்டார்கள் என்று அந்தப் பெரியவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு முழு மாவட்டத்துக்கு ஒரே நாளில் பெயர் சூட்டிவிட்டார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஐயா, என் மச்சான் ஆனையிறவில் செத்தவன். அவனும் காட்டிக்கொடுத்தவனா?" என்று கேட்டேன். அவர் பத்திரிகையை மடித்துக்கொண்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து வேறு மேசையில் சாப்பிட்டார்.

உரும்பிராய் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:

இரண்டு பேரும் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தான் தலையில் எல்லாவற்றையும் ஏற்றுவதை நான் ஒப்ப மாட்டேன். நான் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வேலை பார்த்தவன். பனங்கொட்டை சூப்பி என்று முகத்துக்கு நேரே சொல்லக் கேட்டிருக்கிறேன். கந்தோரில் பத்து ரூபாய் சேர்த்தால், "யாழ்ப்பாணத்தான் கணக்குப் பார்க்கிறான்" என்பார்கள். மழை குறைந்த, ஆறு இல்லாத சுண்ணாம்பு மண்ணில் கிணறு தோண்டி, பட்டை கட்டி இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் செய்த சனம் சிக்கனமாகத்தானே இருக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசிரியை மகள் சொன்ன 1977 அகதிகளை வவுனியாப் பக்கத்தில் பண்ணைகள் அமைத்துக் குடியேற்றிய காந்தியம் அமைப்பை நடத்தியவர்கள் கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் மருத்துவர் ராஜசுந்தரமும். டேவிட் ஐயா யாழ்ப்பாணத் தீவுகளான தீவகத்தில், கரம்பனில் பிறந்தவர். ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர்களையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

அதே தீவகத்தாரை "தீவார்" என்று ஒரு படி கீழே வைத்துப் பேசுவதும் எங்கள் ஊர்தான். "எந்த ஊர்?" என்பார்கள், பிறகு "எந்தக் குறிச்சி?" என்பார்கள், பிறகு "எந்தக் கோயிலடி?" என்பார்கள். மூன்றாவது கேள்வியில் ஆளின் சாதி தெரிந்துவிடும். அதற்காகத்தான் முதல் கேள்வியே. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்டவர்களை உள்ளே விடாமல் தடுத்தவர்களும் தடுக்கப்பட்டவர்களும் ஒரே பகுதிக்காரர்கள். ஆகவே வீட்டுக்கார அம்மா அறையை மறுத்தது உங்கள் மாவட்டத்துக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை, மகள். "தோட்டம்" என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மனம் சாதிக்குத்தான் போயிருக்கும்.

போகவந்தலாவை ஆசிரியை:

ஐயா, டேவிட் ஐயாவைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி. அவரை எங்கள் ஆட்கள் மறக்கவில்லை. சாதியைப் பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் அதைச் சொல்லி மலையகத்தாருக்கு நடந்ததைச் சாதிக் கணக்கில் மட்டும் கரைத்துவிட முடியாது. 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்கும் போனது. அப்போது தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் இருந்தார். செல்வநாயகம் அவரோடு முரண்பட்டு வெளியேறித் தமிழரசுக் கட்சி அமைத்தார். அமைச்சரவையில் இருந்தவரும் முரண்பட்டு வெளியேறியவரும் வடக்கிலிருந்தே வந்தவர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாக்கில்லாமல் இருந்தது நாங்கள்.

இன்றைய விஷயம் ஒன்று. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்துக்கென்று வருகிற இடங்கள் கொஞ்சம். அந்த இடங்களுக்காக வெளிமாவட்டத்துப் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்கு மட்டும் எங்கள் பக்கத்தில் வந்து பதிகிறார்கள் என்று பெற்றோர் பல காலமாக முறையிட்டு வருகிறார்கள். லயத்து அறையில் ஆறு பேருக்கு நடுவே படித்து வருகிற பிள்ளையைக் "கோட்டாவில் வந்தது" என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள், தங்கள் பிள்ளைக்கு அதே கோட்டாவைத் தேடி மலை ஏறி வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கோத்தகிரியிலிருந்து:

நான் பிறந்தது நீலகிரியில், ஆனால் வீட்டில் எல்லோரும் இலங்கைக்காரர்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானது. எங்கள் தாத்தாவிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் அரசின் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். இங்கே தேயிலை நட்டுக் காட்டியவர்களில் எங்கள் ஆட்கள் நிறைய.

அங்கே "இந்தியாக்காரன்" என்று விரட்டினார்கள். இங்கே நான் பள்ளியில் படித்தபோது வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிட்ட பிறகு, "சிலோன்தானே?" என்று ஒவ்வொரு வருடமும் புதிய ஆசிரியர் கேட்பார். மேல்படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போன அலுவலகத்தில், "உங்களை எந்தச் சாதி என்று நாங்கள் எப்படி நம்புவது? பூர்வீக ஊரிலிருந்து எழுதி வாங்கி வாருங்கள்" என்றார்கள். பூர்வீகம் திருச்சி மாவட்டம் என்று தாத்தா சொல்வார். அவருடைய தாத்தா புறப்பட்ட கிராமத்தில் எங்களை அடையாளம் சொல்ல யார் இருப்பார்கள்? என் அண்ணன் அந்தக் காகிதம் கிடைக்காமலேயே படிப்பை விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் மூட்டை தூக்கப் போனார். எனக்கு, ஒரு தாசில்தார் தாத்தாவின் பழைய கடவுச்சீட்டையும் குடும்ப அட்டையையும் வரிக்கு வரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் எங்கள் ஊர்க்காரரும் அல்ல, எங்கள் சாதியும் அல்ல. சட்டத்தில் இருந்ததைப் படித்தார், அவ்வளவுதான்.

பாரதிபுரத்துப் பழைய மாணவி:

டீச்சர், நீங்கள் வாங்கு மாற்றாமல் வைத்த இரண்டு பேரில் நானும் ஒருத்தி என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருந்தவள் இன்றைக்கும் என் தோழி. அவள் அப்பாவும் பிறகு மாறிவிட்டார், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டார்.

2023இல் மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைவானதற்காகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்களே, அதில் மன்னார் பக்கத்தில் சில நாட்கள் நானும் நடந்தேன். வழியில் ஒரு கிராமத்தில் தண்ணீரும் மோரும் வைத்துக்கொண்டு நின்ற அம்மா ஒருவர், "இந்தப் பாதையால் ஏன் நடக்கிறீர்கள்?" என்று கேட்டார். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் இந்தக் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மலைக்கு நடந்தார்கள், காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே பலர் செத்தார்கள் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "என் வீட்டு வாசலால் போன சனத்தைப் பற்றி எனக்குப் பள்ளியில் ஒருவரும் படிப்பிக்கவில்லையே, பிள்ளை" என்று கோபத்தோடுதான் சொன்னார். எங்கள்மேல் வந்த கோபமில்லை. அன்றைக்குப் பின்னேரம் வரை தன் பேரனையும் கூட்டிக்கொண்டு எங்களோடு நடந்தார். நான் இப்போது தனியார் வகுப்பில் வரலாறு படிப்பிக்கிறேன். பாடப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் அந்தப் பாதையை வரைபடம் போட்டுக் காட்டிவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போகிறேன்.