காங்கேசன்துறை மேடைக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்ற எம்2

வெள்ளவத்தையிலிருந்து:

கொழும்பில் நடந்த மாதிரிப் புகையிரதக் கூடலுக்கு என் நண்பனை நானே வற்புறுத்தி அழைத்துப் போனேன். அவன் 1990 இல் குடும்பத்தோடு இங்கே வந்து என் வகுப்பில் சேர்ந்தவன். ஓ.ஓ. அளவு என்றால் நிஜத்தில் ஏறக்குறைய 76 இல் ஒரு பங்கு, எம்2 என்றால் ஒரு டீசல் எஞ்சின் வகை என்று மாதிரிப் புகையிரதம் செய்யும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மண்டபத்தின் கடைசி மேசையில் வடபாதையின் முடிவிடத்தைச் செய்து வைத்திருந்தார்கள். மூன்று மொழிகளில் 'காங்கேசன்துறை' என்ற பெயர்ப்பலகை, அதற்குப் பின்னால் நீலம் தீட்டிய கடல், மேடையில் இரண்டு சென்டிமீற்றர் உயர மனிதர்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 இல் கனடா தந்த எம்2 எஞ்சின்களில் 570 ஆம் இலக்கமான 'ஆல்பர்ட்டா', நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்து, மேடைக்கு ஓர் அங்குலம் இருக்கையில் நின்றுவிட்டது. முகப்பு விளக்கும் அணைந்தது. தண்டவாள மட்டத்துக்குக் குனிந்து, அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த என் நண்பன், சுட்டுவிரலை நீட்டிக் கடைசிப் பெட்டியை மெல்லத் தள்ளினான்.

மேசைக்குரிய முதியவர் சிங்களத்தில் உரத்துக் கடிந்துகொண்டார். நண்பன் கையை இழுத்து, அழுக்கே இல்லாத விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவனுடைய வீடு அந்த நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. 1990 ஜூனில், போரினால், கொழும்பிலிருந்து அங்கே போன யாழ்தேவி வண்டி நின்றது. காங்கேசன்துறை வரை மறுபடி வண்டி போனது 2015 ஜனவரியில்தான், அதற்குள் அவனுடைய தந்தை காலமாகிவிட்டார். அவனுக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும்; எனக்கு நன்றாக வரும். இரண்டு வாக்கியங்கள் சொல்லியிருந்தால் போதும், அந்த முதியவருக்குப் புரிந்திருக்கும். நான் வாய் திறக்கவில்லை.

தெமட்டகொடையிலிருந்து:

உங்கள் வருத்தம் புரிகிறது, ஐயா. ஆனாலும் அந்தப் பெரியவர் பக்கமும் நியாயம் உண்டு. என் மேசையில் ஒரு சிறுவன் எஞ்சினைக் கைப்பிடிக் கம்பியில் பிடித்துத் தூக்கியபோது, பித்தளைக் கம்பியை வளைத்து வளைத்து நான் வாரக்கணக்கில் செய்தது கையோடு கழன்று வந்தது.

வண்டி நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் தண்டவாள அழுக்காகத்தான் இருக்கும். 12 வோல்ட் மின்சாரம் சக்கரத்தின் வழியாகத்தான் மோட்டாருக்கு ஏற வேண்டும். இடையில் மெல்லிய படலம் ஒன்று படிந்தாலே விளக்கும் எஞ்சினும் சேர்ந்து நின்றுவிடும். நிக்கல் வெள்ளி என்று சொல்லும் தண்டவாளத்தில் வெள்ளியே கிடையாது, அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். வெள்ளவத்தை போன்ற கடலோர வீடுகளில் அது விரைவில் மங்கும். தயவுசெய்து மணற்தாள் போடாதீர்கள், அது உண்டாக்கும் கீறல்களில்தான் பிறகு அழுக்கு குடியேறும். நூல் உதிராத துணியை ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்துத் தண்டவாளத்தையும், மறக்காமல் சக்கரங்களையும் துடையுங்கள். இணைப்புத் தகடுகளை நம்பாமல், ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் தனி மின்கம்பியை ஈயத்தால் பற்றவையுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன்: உள்ளபடியே அகலப்பாதை போட வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம், கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் போதும்.

அவிசாவளையிலிருந்து:

போதும் என்று மேலே எழுதியவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நம்முடைய அகலப்பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ.; ஓ.ஓ. அளவில் அது 22 மி.மீ. ஆகிறது. அதில் ஐந்தரை மில்லிமீற்றரைக் குறைத்துவிட்டால், முன்னால் நின்று பார்ப்பவருக்கு எம்2 காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பதாகத்தான் தெரியும். கூடலில் நானும் தோழியும் பார்த்த பழைய களனிவெளிக் குறும்பாதையைச் செய்தவர், 762 மி.மீ. அகலத்தைச் சரியாக 10 மி.மீ. ஆக்கி, குறுக்குக்கட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தானே வெட்டிப் பதித்திருந்தார்.

தோழியின் அப்பா அந்தப் பாதையில் கார்டாக வேலை பார்த்தவர், அவரையும் அழைத்துப் போயிருந்தோம். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி, வண்டி மூன்று சுற்று வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கடைசிப் பெட்டியில் கார்டைக் காணவில்லையே, தம்பி?" என்று கேட்டார். செய்தவர் உடனே வண்டியை நிறுத்தி, மேடையில் நின்ற பொம்மை ஒன்றைப் பெயர்த்தெடுத்துக் கடைசிப் பெட்டியின் வாசலில் ஒட்டிவிட்டுத்தான் மறுபடி ஓட்டினார்.

வெள்ளவத்தையிலிருந்து:

தண்டவாளத்தைத் துடைப்பது பற்றி நான் கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி. நேற்று நண்பனிடம் அந்தப் பேச்சை எடுத்து மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் அவன், அந்த வண்டி பிறகு மேடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று என்னிடம் கேட்டான். நாங்கள் அன்று அதைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டோம்.