கிளையன்ட் எச்ஐவி பாசிட்டிவ், கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சு, பொண்ணுகிட்ட சொல்ல மாட்டேங்கறார்... கவுன்சலர் என்ன பண்ணணும்?

மையம்_கவுன்சலர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல, அதாவது எச்ஐவி டெஸ்ட்டும் ஆலோசனையும் குடுக்கற இடத்துல, கவுன்சலரா இருக்கேன். ஊர் பேர் வேணாம், கிளையன்ட் யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களையும் மாத்தித்தான் எழுதறேன். ஒரு பையன், ரத்த தான கேம்ப்ல குடுத்த ரத்தம் ரியாக்டிவ், அதாவது எச்ஐவி இருக்கலாம்னு வந்து எங்ககிட்ட அனுப்பினாங்க, மூணு டெஸ்ட் கிட்லயும் பாசிட்டிவ். உடைஞ்சு போயிட்டான், அப்புறம் மெல்ல தேறி இப்ப ஏஆர்டி சென்டர்ல எச்ஐவி மாத்திரை வாங்கி ஒழுங்கா சாப்பிடறான். இன்னும் ஆறு மாசம் ஆகல, அதனால ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்கற முதல் வைரல் லோடு டெஸ்ட்டே எடுக்கல.

இதுக்கு நடுவுல வீட்ல கல்யாணம் பேசி முடிச்சிட்டாங்க. நிச்சயம் ஆச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, பத்திரிகை மட்டும் இன்னும் அடிக்கல. பொண்ணுகிட்ட சொல்லுப்பான்னா "மாத்திரை ஒழுங்கா போட்டா மத்தவங்களுக்கு பரவாதுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க, அப்புறம் எதுக்கு சொல்லணும்"ங்கறான். வீட்ல அம்மாவுக்குக்கூட தெரியாது.

இதுல இன்னொரு சிக்கல். பொண்ணு எங்க அம்மாவோட ஊர். பொண்ணோட சித்தி எங்க அம்மாவுக்கு போன் போட்டு "உன் பொண்ணு அந்த ஆஸ்பத்திரியிலதான இருக்கா, மாப்பிள்ளை அந்தப் பக்கம்தான், எப்படின்னு கொஞ்சம் விசாரிச்சு சொல்லச் சொல்லு"ன்னு கேட்டிருக்காங்க. அம்மா சாதாரணமா என்கிட்ட சொன்னாங்க, எனக்கு சோறு இறங்கல. டாக்டர்கிட்ட கேட்டா நமக்கு எதுக்கு வம்பு, ரகசியம் ரகசியம்தான், விட்டுடுங்கன்னுட்டார். பேர் சொல்லாம பொண்ணு வீட்டுக்கு ஒரு போன் போட்டு இந்த சம்பந்தம் வேணாம்னு மட்டும் சொல்லிடலாமான்னு தோணுது. நீங்கள்லாம் இருந்தா என்ன பண்ணுவீங்க?

---

பழைய_கவுன்சலர்:

மேடம், முதல்ல அந்த போன். தயவுசெஞ்சு போடாதீங்க. மொட்டைக் கடுதாசி மாதிரிதான் அது, பொண்ணு வீட்ல யார் கையில சிக்கும், அவங்க என்னவா புரிஞ்சுக்குவாங்க, எதுவும் நம்ம கையில இல்ல. ரெண்டே நாள்ல ரெண்டு ஊருக்கும் தெரிஞ்சிடும், பையன் மாத்திரையை விட்டுட்டு காணாம போவான், இல்ல உயிரையே விடுவான். நம்ம மையத்துக்குப் போனா வெளிய சொல்லிடுவாங்கன்னு பேச்சு கிளம்பிச்சுன்னா டெஸ்ட்டுக்கு வரவேண்டிய பத்து பேர் வர மாட்டாங்க, அவங்க வீட்லயும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க.

அதுக்காக டாக்டர் சொன்ன மாதிரி கையைக் கட்டிட்டு உக்காரவும் முடியாது. 2017 எச்ஐவி எய்ட்ஸ் சட்டம், 2018 செப்டம்பர்லேர்ந்து அமல்ல இருக்கு, அதுல 9வது பிரிவை ஒருதடவை உக்காந்து படிங்க. பார்ட்னருக்கு நேரடியா சொல்ற அதிகாரம் டாக்டருக்கும் கவுன்சலருக்கும் மட்டும்தான், அதுவும் சும்மா இல்ல. அந்த பார்ட்னருக்கு தொத்தற ஆபத்து நிஜமாவே பெருசா இருக்கணும், நீயே சொல்லுன்னு கிளையன்ட்டுக்கு கவுன்சலிங் குடுத்திருக்கணும், அவர் சொல்லப் போறதில்லன்னு நமக்கு தெளிவாகணும், நான் சொல்லப் போறேன்னு அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடணும். அதுக்கப்புறம்தான், அதுவும் நேர்ல, கவுன்சலிங் குடுத்து. போன்ல சொல்றதெல்லாம் அதுல கிடையவே கிடையாது. பாசிட்டிவா இருக்கறது பொண்ணா இருந்து, சொன்னா அடி விழும், வீட்டை விட்டு துரத்துவாங்கங்கற மாதிரி பயம் இருந்தா, சொல்லக்கூடாதுன்னும் அதே சட்டம்தான் சொல்லுது. நீங்க இப்ப ரெண்டாவது படியிலதான் நிக்கறீங்க, நீயே சொல்லுங்கற வேலை இன்னும் முடியல.

இன்னொண்ணு, பொண்ணு உங்க அம்மா ஊர்னா இந்தக் கேஸை நீங்க பாக்கக்கூடாது. பையன்கிட்ட காரணத்தைச் சொல்லாம, வேற கவுன்சலர் ஒருத்தரைப் பாக்கறியான்னு சம்மதம் கேட்டு ஏஆர்டி சென்டர் கவுன்சலர்கிட்ட மாத்துங்க. உங்க மனசுல ஏற்கனவே பொண்ணு பக்கம் ஒரு பாரம் இருக்கு, அது தப்பில்ல, ஆனா எதிர்ல உக்காந்திருக்கறவனுக்கு நீங்க முழுசா கிடைக்க மாட்டீங்க.

---

நெட்வொர்க்_அக்கா:

நான் பாசிட்டிவா வாழற பொண்ணு, பாசிட்டிவா இருக்கறவங்க சேர்ந்து நடத்தற ஒரு நெட்வொர்க்ல வேலை பாக்கறேன். ரகசியம் ரகசியம்னு பேசறப்ப எல்லாம் எனக்கு ஒரு கேள்விதான் வரும், யாரோட ரகசியம், யாரோட உடம்பு? எங்க வீட்டுக்காரருக்கு இருக்கறது அவங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சே கல்யாணம் பண்ணி வச்சாங்க, எனக்கு மட்டும்தான் தெரியாது. அவர் போனப்புறம் நான்தான் வந்து குடும்பத்தை அழிச்சேன்னு என்னையே பேசினாங்க. கணவர்கிட்டேர்ந்து எச்ஐவி வந்த கௌசல்யா அக்கா 1998ல சென்னையில பாசிட்டிவ் பெண்கள் நெட்வொர்க்கை ஆரம்பிச்சதுக்குப் பின்னாடி இந்த மாதிரி எத்தனை பொண்ணுங்க இருந்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்துல கைக்கெட்டற விலையில மாத்திரையும் கிடையாது, இலவச ஏஆர்டியே 2004ல தாம்பரம் மாதிரி சில இடத்துலதான் தொடங்குச்சு.

அதனால சொல்றேன், அந்தப் பொண்ணுக்கு தாலி ஏறறதுக்கு முன்னாடி தெரிஞ்சே ஆகணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா எப்படித் தெரியணும்னு கேட்டா, அவன் வாயால தெரியணும். எனக்கு அப்படி ஒருத்தர் சொல்லியிருந்தா நான் என்ன முடிவு எடுத்திருப்பேன்னு தெரியாது, ஆனா முடிவு என்னோடதா இருந்திருக்கும்.

அந்தத் தம்பி கேக்கறான்ல மாத்திரை போட்டா பரவாதேன்னு, அதுக்கு பதில் சொல்லுங்க மேடம். ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நின்னாத்தான் உடலுறவு மூலமா பரவாது. அவனுக்கு முதல் டெஸ்ட்டே ஆகல, இப்ப அவன் அதைச் சொல்லவே முடியாது. அதுக்கப்புறமும், மறைச்சு வாழறவங்க மாத்திரையை எப்படி சாப்பிடறாங்கன்னு நான் தினம் பாக்கறேன். டப்பாவுல லேபிளைக் கிழிச்சு சத்து மாத்திரைன்னு வைப்பாங்க, பைக் சீட்டுக்கு அடியில வெயில்ல வைப்பாங்க, மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போனா நாலு நாள் மாத்திரை கட். நாலு நாள் பத்து நாள் ஆகும், வைரஸ் மறுபடி ஏறும். பொண்டாட்டிக்கு தெரிஞ்ச வீட்ல அவளே ராத்திரி தண்ணி எடுத்துக் குடுக்கறா. மறைச்சு, விட்டு விட்டு சாப்பிட்டா அந்த மாத்திரையே வேலை செய்யாதுன்னு அவன்கிட்ட புரியற மாதிரி சொல்லுங்க.

எங்க மாதிரி நெட்வொர்க்குக்கு ஒருதடவை அவனை அனுப்புங்க, அவன் சம்மதத்தோட. தெரிஞ்சு, ஏத்துக்கிட்டு, கல்யாணம் ஆகி, நெகட்டிவ் குழந்தையோட இருக்கற ஜோடிங்களை அவன் கண்ணால பாக்கட்டும். சொன்னா வாழ்க்கை முடிஞ்சதுன்னு நினைக்கறான், அந்த பயம் போனாத்தான் வாய் திறப்பான்.

---

சட்டம்_பேசலாம்:

வக்கீலா ஒண்ணு சேர்க்கறேன், இதை யாரும் கவனிக்கல. 9வது பிரிவுல பார்ட்னர்னு இருக்கறதுக்கு சட்டம் குடுக்கற விளக்கம், கணவன் மனைவி, இல்லன்னா அதுமாதிரி சேர்ந்து வாழறவங்க. நிச்சயம் மட்டும் ஆன பொண்ணு அதுக்குள்ள வருவாளான்னா நேரடியா வார்த்தை இல்ல. அதனால பழைய_கவுன்சலர் சொன்ன எல்லாப் படியும் ஏறி முடிச்சாலும், கல்யாணத்துக்கு முன்னாடி நீங்களா போய் பொண்ணுகிட்ட சொன்னா 9ன் பாதுகாப்பு கிடைக்கும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன், ரகசியம் காக்கச் சொல்ற 8வது பிரிவை மீறினதா கேள்வி வரலாம்.

இன்னொரு பக்கம் 1998ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. நாகாலாந்துலேர்ந்து ஒரு நோயாளிக்குத் துணையா சென்னை ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர், ரத்தம் குடுத்தப்ப பாசிட்டிவ்னு தெரிஞ்சு, விஷயம் வெளிய வந்து அவர் கல்யாணம் நின்னு போச்சு. ஆஸ்பத்திரி ரகசியத்தை மீறிட்டாங்கன்னு அவர் கேஸ் போட்டார். கட்டிக்கப் போற பொண்ணோட உயிருக்கும் உடம்புக்கும் உரிமை இருக்கு, அதனால சொன்னது தப்பில்லன்னு கோர்ட் சொல்லிச்சு. பாசிட்டிவா இருக்கறவங்களோட கல்யாண உரிமை பத்தி அதே தீர்ப்புல பேசினதை மட்டும் 2002ல மூணு நீதிபதி பெஞ்ச் அது அந்தக் கேஸுக்கு தேவையில்லாததுன்னுடுச்சு. ஆனா அதெல்லாம் இந்த சட்டம் வர்றதுக்கு முன்னாடி. இப்ப ரெண்டையும் சேர்த்து வச்சுப் பாக்கணும். தனியா முடிவு எடுக்காதீங்க, டாக்டரை எழுத்துல உள்ள இழுங்க. வாய் வார்த்தையா விட்டுடுங்கன்னு சொன்னவர் கேஸ் ஷீட்ல எழுதச் சொன்னா நின்னு யோசிப்பார்.

பையன்கிட்ட 10வது பிரிவையும் சொல்லுங்க. தனக்கு இருக்குன்னு தெரிஞ்சு, கவுன்சலிங்கும் வாங்கினவர் மத்தவங்களுக்குப் பரவாம தடுக்க நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்கணும்னு அவர் மேலயும் கடமை இருக்கு. மிரட்டற தொனியில வேணாம்.

---

மையம்_கவுன்சலர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போன் போடற எண்ணத்தை விட்டுட்டேன். சித்திக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் இப்ப பெரிய குழப்பம், அம்மா தினம் கேக்கறாங்க. தெரியலன்னு சொன்னா பொய், பேசாம இருந்தா ஏதோ இருக்குன்னு அர்த்தம் ஆயிடும்.

---

லிங்க்_ஒர்க்கர்:

மேடம், நான் ஊர்ல இருக்கறவங்களை எச்ஐவி மையத்தோட இணைக்கற லிங்க் ஒர்க்கர், இது எங்களுக்கு வாரா வாரம் நடக்கும், சொந்த ஊர்லயே வேலைங்கறதால. டீக்கடையில நிறுத்தி "தம்பி அந்தப் பையன் எப்படி, உனக்கு தெரியாததா"ன்னு கேப்பாங்க. நான் வேலைக்கு சேந்தப்பவே ஒரு முடிவு, எந்த மாப்பிள்ளை, எந்த பொண்ணைப் பத்தி கேட்டாலும் ஒரே பதில், "மாமா, ஆஸ்பத்திரி வேலையில இருக்கறவன் நான், யாரைப் பத்தியும் நல்லதும் சொல்ல மாட்டேன் கெட்டதும் சொல்ல மாட்டேன்." நிஜமாவே நல்ல பையனா இருந்தாலும் அதே பதில்தான். நல்ல பையன்னு நாலு பேருக்கு சொல்லிட்டு அஞ்சாவது ஆளுக்கு வாயை மூடினா அந்த அமைதியே போட்டுக் குடுத்துடும். அம்மாகிட்ட இப்படிச் சொல்லுங்க, "இனிமே யாரு கேட்டாலும் எம்பொண்ணு இந்த மாதிரி விசாரிக்க மாட்டான்னு சொல்லிடும்மா, வேலை போயிடும்." வேலைன்னா அம்மாங்களுக்கு புரியும். வேணும்னா கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு முழு ஹெல்த் செக்கப் பண்ணிக்கறது நல்லதுன்னு எல்லாருக்கும் பொதுவா சொல்லலாம், ஆனா அதைக்கூட இந்த ஒரு கேஸ்ல மட்டும் புதுசா ஆரம்பிக்காதீங்க.

---

மையம்_கவுன்சலர்:

அப்டேட். பையன் சம்மதிச்சு ஏஆர்டி சென்டர் கவுன்சலர் சார்கிட்ட மாத்தியாச்சு, நெட்வொர்க் அண்ணன் ஒருத்தர்கிட்டயும் பேசியிருக்கான். முதல்ல அவங்க அக்காகிட்ட சொல்லியிருக்கான், அக்கா அழுதுட்டு, பத்திரிகை அடிக்கறதை ஏதோ காரணம் சொல்லி தள்ளி வச்சிருக்காங்க. சார் ரூம்ல வச்சு எப்படி சொல்றதுன்னு பேசிப் பாக்க வச்சாராம், "நான்தான் அந்தப் பொண்ணு, முதல் வாக்கியம் சொல்லு"ன்னு. ரொம்ப நேரம் வரவே இல்லயாம், அப்புறம் "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், கேட்டுட்டு நீ வேணாம்னு சொன்னாலும் எனக்கு கோவம் வராது"ன்னு ஆரம்பிச்சானாம். அடுத்த வாரம் பொண்ணை கூட்டிட்டு வந்து சார் முன்னாடியே சொல்றேன்னு சொல்லியிருக்கான். எனக்கு மேல விவரம் தெரியக்கூடாதுன்னு சார்கிட்டயே சொல்லிட்டேன்.

---

பழைய_கவுன்சலர்:

நல்லது மேடம். சார்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அன்னைக்கு பொண்ணோட தனியா பேச நேரம் ஒதுக்கணும், பையனும் அக்காவும் வெளிய இருக்கணும். அவ முகத்தைப் பாத்து அங்கேயே சரின்னு சொல்ல வச்சிடக்கூடாது, டைம் எடுத்துக்கோம்மான்னு சொல்லணும். வேணாம்னு முடிவு பண்ணினா அவ வீட்ல என்ன காரணம் சொல்வா? நிச்சயம் ஆன கல்யாணம், சும்மா வேணாம்னா அவ மேலதான் பழி போடுவாங்க, நிஜத்தை சொன்னா அவன் விஷயம் ஊருக்கே போகும். அதனால நிறுத்தறது மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துலேர்ந்து வரணும், அக்கா பொறுப்பு எடுத்து "எங்க பக்கம் இப்ப கல்யாணம் பண்ற நிலைமை இல்ல, பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல"ன்னு பெரியவங்ககிட்ட சொல்லணும், குடுத்த செலவையும் திருப்பிக் குடுக்கணும். பொண்ணை உக்கார வைக்கறதுக்கு முன்னாடியே பையன்கிட்டயும் அக்காகிட்டயும் இதுக்கு சம்மதம் வாங்கிடச் சொல்லுங்க. அப்புறம் மையத்து ரிஜிஸ்டர்ல பொண்ணு பேரு, ஊரு எதுவும் வரவேண்டாம், அவளா டெஸ்ட் கேட்டாத்தான் அவளுக்குன்னு தனி என்ட்ரி.