நெஞ்சு ஒப்பரேஷன் செய்த 118 கிலோ அம்மாவைக் கட்டிலில் இருந்து எப்படி எழுப்புவது?

மானிப்பாய் மகள்:

அம்மாவுக்கு 61 வயது. கொழும்பில் பைபாஸ் செய்து இன்று 17 நாள். வீட்டுக்கு வந்து 6 நாள். எடை 118 கிலோ, உயரம் 157 சென்ரிமீற்றர். சலரோகமும் இருக்கிறது. வீட்டில் நானும் தம்பியும்தான்.

கையை ஊன்றக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று துண்டில் எழுதித் தந்தார்கள். கையை ஊன்றாமல் எப்படி எழும்புவது என்று ஒருவரும் காட்டித் தரவில்லை. நேற்றிரவு தம்பி ஒரு கையையும் நான் மற்றக் கையையும் பிடித்து இழுத்தோம். "ஐயோ பிள்ளை, நெஞ்சு பிளக்குது" என்று கத்திவிட்டா. இப்போது எழும்பவே மாட்டேன் என்கிறா. அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டி வரும் என்று தண்ணீரையும் குறைத்துவிட்டா.

இன்னொன்று. தையலின் கீழ்முனை மார்புக்கு அடியில் மறைந்திருக்கிறது. காலையில் பார்த்தால் பஞ்சு ஈரம். வியர்வையா, வேறு ஏதுமா தெரியவில்லை. கிளினிக் வியாழன்தான்.

நல்லூர் அக்கா (ஓய்வுபெற்ற தாதி):

பிள்ளை, முதலில் அந்தக் கீழ்முனை. வியாழன் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். சீனியும் உடம்பும் கூடினவர்களுக்குக் காயம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விடத் தொடங்கும். காய்ச்சல், சீழ், மணம் வந்தாலோ, இருமும்போது நெஞ்செலும்பு "டக்" என்று அசைவது போல இருந்தாலோ ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக்கூடாது. மூச்சு முட்டினால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

நடு நெஞ்செலும்பை நீளத்துக்கு அறுத்து, உருக்குக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது ஓரளவு பொருந்த 6 முதல் 8 கிழமை, உறுதியாக 3 மாதம் மட்டில் எடுக்கும். கையைப் பிடித்து இழுத்தால் அந்த இரண்டு பாதியும் இரண்டு பக்கம் இழுபடும். அம்மா கத்தினதில் பிழையில்லை. இனி அவவின் கையையும் கக்கத்தையும் தொட்டுத் தூக்கவே வேண்டாம்.

தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடிக்கச் சொல்லுங்கள். முழங்காலை மடித்து, உடம்பு முழுவதையும் ஒரு மரக்குற்றி போல ஒரே தரத்தில் பக்கவாட்டில் உருட்டுங்கள். கால்கள் கட்டிலுக்கு வெளியே இறங்கும்போது அந்தப் பாரமே மேலுடம்பை நிமிர்த்தும். நீங்கள் தோட்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துத் தாங்கினால் போதும். இரண்டு நிமிடம் அப்படியே இருக்கட்டும், தலை சுற்றும். பிறகு கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, பாதம் இரண்டையும் அகட்டி, முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து, மூன்று எண்ணி எழும்ப வேண்டும். தூக்குவது தொடைதான்.

சாய்மனைக் கதிரையில் இருத்தாதீர்கள். சொகுசாக இருக்கும், ஆனால் ஆழமும் பதிவும். கையை ஊன்றாமல் அதிலிருந்து எழும்பவே ஏலாது. உயரமான, பாரமான மரக்கதிரையைச் சுவரோடு சாத்தி வையுங்கள். இருக்கும்போது முழங்காலை அகட்டி வைத்தால் வயிறு முன்னுக்கு இறங்கி மூச்சுக்கு இடம் கிடைக்கும். மல்லாந்து படுத்தால் அந்த வயிறே நெஞ்சை அமர்த்தும், சளி அடியில் தங்கும். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துக் கருவி தந்திருப்பார்கள். அநேகம் பேர் அதை ஊதுவார்கள். ஊதுவதில்லை, மெதுவாக உறிஞ்சுவது. விழித்திருக்கும்போது மணித்தியாலத்துக்கு 10 தரம், தலையணையை அணைத்தபடி.

மார்பின் பாரமும் காயத்தை இரண்டு பக்கம் இழுக்கும். முன்பக்கம் கொளுக்கி உள்ள, கம்பியில்லாத உள்ளாடையை இரவும் போட்டிருக்கட்டும். மடிப்புகளை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துங்கள், உரஞ்ச வேண்டாம். காயத்தில் பவுடர், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

இந்தச் சாட்டில் மெலியட்டும் என்று சாப்பாட்டைக் குறைக்க ஆட்கள் சொல்லுவார்கள். கேட்காதீர்கள். சோறு, பிட்டை அளவாகக் கொடுத்து மீன், முட்டை, பயறைக் கூட்டுங்கள். காயம் மூடப் புரதம் வேண்டும். தண்ணீர் டொக்டர் சொன்ன அளவு.

27 வருடம் வார்டில் நின்றவள் நான். உடம்பு பெருத்தவர்கள் எங்களுக்குக் கரைச்சல் தரக்கூடாது என்று வலியைச் சொல்லாமலே கிடப்பார்கள். அம்மா வாய் திறக்கும் மட்டும் காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.

சுன்னாகம் தம்பி:

அண்ணாவுக்கு வால்வு மாற்றியபோது 132 கிலோ. பிளாஸ்ரிக் கதிரையின் கால் விரிந்து விழப் பார்த்தார். கொமட் கதிரை வாங்குவதென்றால் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். அம்மா குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிக்கிறாவா? அப்படியென்றால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அண்ணாவுக்கு அதற்கென்று இரவில் மூக்கில் போடும் மெஷின் கொடுத்தார்கள். கேட்காமல் நித்திரைக் குளிசை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

மானிப்பாய் மகள்:

அன்றைக்கே கொண்டுபோனோம். எலும்பு அசையவில்லை, மேல்தோல் மட்டும் ஒரு அங்குல அளவுக்கு விட்டிருக்கிறது. இரத்தத்தில் சீனி 236. இன்சுலினைக் கூட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்ட வரச் சொன்னார்கள். குறட்டையையும் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

இன்று காலை மூன்று எண்ணினதும் அம்மா தானே எழும்பினா. கிணற்றடி வரைக்கும் நடந்து, செவ்வரத்தைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தா. தம்பி அழுதுவிட்டான்.

அக்கா, அவவின் அளவுக்கு முன்கொளுக்கி வைத்தது டவுனில் கிடைக்கவில்லை. தைக்கக் கொடுக்கப் போகிறேன். பருத்திதானே?

நல்லூர் அக்கா:

பருத்திதான். தோள்பட்டி மூன்று விரல் அகலம் வேண்டும், இல்லாவிட்டால் தோளை வெட்டும். கீழ்ப்பட்டி காயத்தின் முனைக்குக் கீழே விழும்படி அளவு கொடுங்கள். மேலே விழுந்தால் உரஞ்சும். மூன்று தைப்பியுங்கள், வியர்வைக்கு மாற்ற மாற்ற வேண்டும்.