ராத்திரி 8:30 ஆனா வீடியோ கால் மட்டும் நின்னு நின்னு போகுது, ஸ்பீடு டெஸ்ட்டுல குறையே இல்ல. என்னங்க காரணம்?

நத்தக்காடையூர்க்காரி:
வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். வாரத்துல நாலு நாள் ராத்திரி 8:30-க்கு வீட்டுல இருந்தே நியூயார்க் பையரோட வீடியோ கால். இப்ப அவங்களுக்கு அது காலைல 11 மணி, நேரத்த மாத்திக் கேக்க முடியாது.

போன வாரம் கொழந்தை டீ-ஷர்ட் சாம்பிளக் கேமரா முன்னால பிடிச்சு கழுத்து ரிப் கலரக் காட்டிட்டு இருக்கேன், படம் அப்படியே நின்னுருச்சு. "மெயில்ல அனுப்புங்க"ன்னு வெச்சுட்டாங்க. அப்ரூவல் ரெண்டு நாள் தள்ளிப்போச்சு, அதுவரைக்கும் டையிங்ல துணி காத்துக் கெடந்துச்சு.

100 எம்பிபிஎஸ் பிளான் வெச்சிருந்தேன். 200 போடுங்கன்னாங்க, போட்டேன். ஒண்ணும் மாறல. ராத்திரி 9 மணிக்கு ஸ்பீடு டெஸ்ட் வெச்சா 180-க்கு மேல வருது, யூடியூப்பும் 1080-ல நல்லா ஓடுது. மாசத்துக்கு 3,300 ஜிபி லிமிட்டு, நாங்க 400 கூடத் தாண்டறதில்ல. கஸ்டமர் கேர்ல கேட்டா "உங்க ஏரியால ஹெவி யூசர் இருக்காங்க மேடம்"ங்கறாங்க. பக்கத்து வீட்டுப் பையன் பொழுதோட ஒக்காந்தா நடுராத்திரி வரைக்கும் கேம் ஆடறான். அவனாலயா இருக்குங்களா?

தறிக்காரர்மகன், சோமனூர்:
அக்கா, மொதல்ல வைஃபைய விட்டுட்டு லேன் கேபிள் போட்டுப் பாருங்க. அப்புறம், எல்லாரோட போனும் ராத்திரி சார்ஜ் போட்டதும் போட்டோவ கிளவுடுக்கு ஏத்தும். எங்க வீட்டுல அதுதான் அப்லோட அடைச்சுட்டு இருந்துச்சு. கால் நேரத்துல மட்டும் நிறுத்தி வெச்சதுல பாதிப் பிரச்சனை போச்சு.

வாய்க்கால்மேடு, அரச்சலூர்:
அம்மிணி, நான் கேபிள் டிவி லைன் இழுத்து ஆரம்பிச்சவன், அப்புறம் பத்து வருசம் பைபர் வேலை. இப்ப மஞ்சக் காட்டோட இருக்கேன். உங்க கேள்வியப் படிச்சுட்டு சும்மா போக மனசு வரல.

அந்தப் பையன மொதல்ல விட்டுருங்க. கேம் ஆடறதுக்கு ஒரு எம்பிபிஎஸ்ஸே சாஸ்தி. புதுசா கேம் டவுன்லோட் பண்ணும்போதுதான் இழுக்கும். அதையும் விடியக்காலம் 3 மணிக்கு எத்தனை இழுத்தாலும் யாருக்கும் நட்டமில்ல.

கீழ்பவானி வாய்க்காலப் பாருங்க. 2,07,000 ஏக்கரா. எல்லா மதகையும் ஒண்ணாத் தொறந்தா கடைமடைக்கு எட்டாதுன்னுதான் ஒத்தப்படை, ரெட்டப்படைன்னு மொற வெச்சு விடறாங்க. இன்டர்நெட்டுல மொற கெடையாதுங்க. 8 மணிக்கு மேல ஊரே ஒண்ணாத் தொறக்குது. நீங்க காசு கட்டி உங்க மதக 200-ஆ அகலப்படுத்தினீங்க. வாய்க்காத் தண்ணி அதேதான்.

எங்க அடைக்குதுன்னு கண்டுபிடிக்கறதுதான் வேலை. உங்க வீட்டுக்கு வர்றது தனி பைபர் இல்ல. ஸ்ப்ளிட்டர் வெச்சு 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிச்சுருப்பாங்க. இப்படிப் பிரிக்கற முறைக்கு ஜிபான்னு பேரு. அதுல வீட்டுப் பக்கம் வர்றது 2.5 ஜிபிபிஎஸ் (ஒரு ஜிபிபிஎஸ்னா 1,000 எம்பிபிஎஸ்), வீட்டுப் பக்கமிருந்து போறது 1.25. 32 வீடும் ஒரே நேரத்துல இழுத்தாலும் ஆளுக்கு 75 வரும். எச்.டி. படத்துக்கு 5 போதும். அதனால ஸ்ப்ளிட்டர்ல அடைக்கறது கம்மி. நான் பாத்ததெல்லாம் அதுக்கு மேல. இந்த பைபரெல்லாம் போய்ச் சேர்ற கம்பெனிப் பெட்டிய ஓஎல்டிம்பாங்க. அதுல எட்டு போர்ட், போர்ட்டுக்கு 32 வீடு, ஆக 256 வீடு. அத்தனைக்கும் ஊர விட்டு வெளிய போக ஒரே ஒரு 1 ஜிபிபிஎஸ் லிங்க். எல்லாரும் இழுத்தா ஆளுக்கு 4 எம்பிபிஎஸ் கூடத் தேறாது. எல்லாரும் ஒண்ணா இழுக்க மாட்டாங்கங்கற நம்பிக்கைலதான் விக்கறாங்க. ஓரளவுக்கு அது நியாயந்தான், இல்லீன்னா இந்த வெலைக்கு லைன் தர முடியாது. எந்த அளவுக்கு மேல விக்கறாங்கங்கறதுலதான் நேர்மை இருக்கு.

உங்களுக்கு அடைப்பு இன்னும் மேலன்னு தோணுது. ஸ்பீடு டெஸ்ட் சர்வர் பெரும்பாலும் கம்பெனிக்குள்ளயே இருக்கும். யூடியூப்புக்கு கூகுள் குடுக்கற கேஷ் சர்வரையும் (வீடியோ நகல வெச்சிருக்கற பெட்டி) நெறைய கம்பெனிக உள்ளயே வெச்சிருக்காங்க. ரெண்டும் வெளிய போகாமயே முடிஞ்சுரும். அதும்போக யூடியூப் கொஞ்சத்த முன்னாடியே எடுத்து வெச்சுக்கும். உங்க கால் நொடிக்கு நொடி வெளிய போய்ட்டு வரணும். அந்த வெளி லிங்க்க கம்பெனி காசு குடுத்து வாங்குது, அங்கதான் கைய இறுக்குவாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், எனக்கு வருசக்கணக்கா ஆறாதது. மாச லிமிட்டு நெரிசலுக்கு மருந்தே இல்ல. நெரிசல் ராத்திரி மூணு மணி நேரம், லிமிட்டு முப்பது நாளுக்கு. அமெரிக்காவுல காம்காஸ்ட்ங்கற இன்டர்நெட் கம்பெனி, டாரண்ட்ட (ஆளுக்கு ஆள் பைல் பகிர்ந்துக்கற முறை) தடுத்து மாட்டி, 2008-ல அரசாங்க ஆணையம் நிறுத்தச் சொல்லுச்சு. அதுக்கப்புறம் அவங்க வேற வழிக்கு வந்தாங்க. எந்த லைன் நெரம்புதோ அந்த லைன்ல மட்டும், கடைசிக் கால் மணி நேரமா நெறைய இழுக்கறவரச் சித்த நேரம் பின்னால தள்ளறது. என்ன பாக்கறார், எதுல பாக்கறார்ங்கற பேச்சே இல்ல. நெரிசல் தீந்தா பழையபடி. அதச் சரின்னு ஏத்துக்குவேன். "ஹெவி யூசர்"னு பக்கத்து வீட்டுக்காரர் மேல பழியப் போட்டுப் போறத ஏத்துக்க மாட்டேன்.

நீங்க பண்ண வேண்டியது: லேன் கேபிள்ல, காலைல 7 மணிக்கும் ராத்திரி 8:45-க்கும், மூணு எடத்துக்கு 100 தடவ பிங், அதாவது ஒரு சின்ன பாக்கெட்ட (டேட்டாத் துண்டு) அனுப்பி, திரும்பி வர எத்தனை நேரம்னு பாக்கறது. உங்க ரவுட்டர், ட்ரேஸ்ரூட்டுல (டேட்டா போற வழியக் காட்டற கமாண்டு) அடுத்து வர்ற கம்பெனி கேட்வே (கம்பெனி நெட்வொர்க்கோட வாசல்), அப்புறம் 8.8.8.8 (கம்பெனிக்கு வெளிய இருக்கற கூகுள் சர்வர்). எழுதி வெச்சு இங்க போடுங்க.

நத்தக்காடையூர்க்காரி:
மூணு நாள் பாத்தேனுங்க அண்ணா. தம்பி சொன்னபடி போட்டோ ஏத்தறதயும் நிறுத்திட்டேன். ரவுட்டர் எப்பவும் 1 மில்லிசெகண்ட். கேட்வே காலைல 4, ராத்திரி 5. 8.8.8.8 காலைல 19, ராத்திரி 160, நூத்துக்கு 7 திரும்பி வரவே இல்ல. மூணு நாளும் கிட்டத்தட்ட இதேதான்.

வாய்க்கால்மேடு, அரச்சலூர்:
அப்ப உங்க வீடும் சுத்தம், உங்க ஊரு லைனும் சுத்தம். கம்பெனியோட வெளி லிங்க் நெரம்புது. புகார்ல "ஸ்பீடு வரல"ன்னு எழுதாதீங்க, ஸ்பீடு டெஸ்ட் படத்த அனுப்பி மூடிருவாங்க. "கேட்வே வரைக்கும் சரி, அதத் தாண்டி ராத்திரி 8-லிருந்து 7 சதவீதம் பாக்கெட் தொலையுது"ன்னு நேரத்தோட எழுதுங்க. பீக் நேரத்துல லிங்க் 80 சதவீதத்துக்கு மேல நெரம்பக் கூடாதுன்னு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2006-லயே விதி போட்டுருச்சு, அதயும் சேத்துக்குங்க. புகார் எண் வாங்காம போன வெச்சுராதீங்க. தீரலீன்னா அதே எண்ண வெச்சு கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிக்கு. அதுவரைக்கும் பையர் காலுக்கு போன் ஹாட்ஸ்பாட் வெச்சுக்குங்க. பிளான 200-லிருந்து 100-க்கே எறக்கிருங்க, அந்தக் காசு வீண்.

நத்தக்காடையூர்க்காரி:
எறக்கிட்டேனுங்க. புகார் எண்ணும் வந்துருச்சு. பக்கத்து வீட்டுப் பையங்கிட்டக் கேட்டேன், அவனுக்கும் 8 மணிக்கு மேல பிங் ஏறி கேம் நிக்குதாம். ஒரு மாசமா தேதி போட்டு நோட்டுல எழுதி வெச்சிருக்கான். அதயும் போட்டோ எடுத்து புகாரோட அனுப்பிட்டோம், இப்ப ரெண்டு வீட்டுப் பேர்லயும் புகார் இருக்கு.