பரண் இல்லாத வீடு: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜெர்மனியில் முதல் வாடகை வீட்டின் சாவி கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, "எந்த அலமாரி வாங்கலாம்?" ஒரு மாதத்துக்கு எதுவும் வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். இங்கே பல வீடுகளில் சமையல் மேடைகூட இருக்காது. விளக்கு மாட்ட வேண்டிய இடத்தில் ஒயர் மட்டும் தொங்கும். அந்த வெறும் சுவரைப் பார்த்துப் பயந்துபோய், நானும் மனைவியும் இரண்டே வாரத்தில் மூன்று பீரோ வாங்கினோம். ஆறே மாதத்தில் ஒன்றைச் சும்மா கொடுத்தோம். அதைக் கழற்றி நாலாம் மாடியிலிருந்து இறக்கியபோதுதான் லிஃப்ட் இல்லாத வீட்டின் அருமை தெரிந்தது.

இங்கே பரண் கிடையாது, கெல்லர் உண்டு. கட்டடத்தின் அடியில், பெரும்பாலும் மரச்சட்டம் அடித்துப் பிரித்த ஒரு சின்ன அறை. பயணப் பெட்டிகள், கோடையில் தேவைப்படாத பனிக்கால பூட்ஸ் எல்லாம் அங்கே போகலாம். ஆனால் பழைய கட்டடங்களில் கெல்லர் ஈரம் கோத்துக் கிடக்கும். அட்டைப் பெட்டியைத் தரையில் வைத்தால் நமத்துப்போகும். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, அதன் அடியில் இரண்டு மரக்கட்டை. துணியும் சான்றிதழும் அங்கே வேண்டவே வேண்டாம்.

ஈரம் கெல்லரோடு நிற்பதில்லை. முதல் குளிர்காலத்தில் பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம். இட்லி ஆவி, குளியல் ஆவி, வீட்டுக்குள்ளேயே காயப்போட்ட துணி என்று எல்லா ஈரமும் காற்றுப் புகாத அந்தச் சில்லென்ற சுவரில்தான் போய்ப் படிந்திருக்கிறது. டிசம்பரில் பீரோவை நகர்த்தினால் பின்பலகை முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அடித்தட்டில் இருந்த கல்யாணப் பட்டின் மடிப்பிலும் மிளகு தூவியதுபோல் புள்ளிகள். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி விட்டிருக்கிறோம். ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றாட விடுகிறோம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் உள்ளே சாய்த்துத் திறந்து நாள் முழுக்க விட்டால் சுவர் குளிர்ந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

அடுத்தது மளிகை. ஊரில் அரிசியில் வண்டு விழுந்தால் முறத்தில் கொட்டிப் புடைத்து, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் கதை முடிந்தது. ஜனவரியில் இங்கே வெயிலுக்கு எங்கே போவது? இங்குள்ள அந்துப்பூச்சி வண்டைவிடப் பொல்லாதது. ரப்பர் பேண்ட் போட்டு வைத்த துவரம்பருப்பைக் கொட்டினேன், நூலாம்படை சுற்றிய கட்டியாக வந்து விழுந்தது. அதன் புழு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கடித்துத் துளைக்கும், சாதாரண திருகு மூடியின் மரையில்கூட ஊர்ந்து உள்ளே போய்விடும். அதனால் ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடிதான் சரி. வாங்கி வந்த பருப்பு, ரவை, மாவு எதுவானாலும் ஒரு வாரம் ஃப்ரீசரில் (மைனஸ் 18 டிகிரி) வைத்துவிட்டு ஜாடியில் கொட்டுங்கள், முட்டையும் செத்துவிடும். ஃப்ரீசரில் இடம் இல்லையென்றால் அளவாக வாங்குங்கள். பத்து கிலோ மூட்டை மலிவுதான், அது உட்கார இடம் வேண்டாமா?

காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், முன்பணக் குறி போட்ட, ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பான பாட்டிலுக்கு, வாங்கும்போது கட்டிய 25 சென்ட் கடையில் திரும்பக் கிடைக்கும். ஆனால் சேர்த்து வைத்தால் சமையலறை காயலாங்கடை ஆகிவிடும். கதவுக் கொக்கியில் ஒரு துணிப்பை, கடைக்குப் போகும்போதெல்லாம் அது கூடவே போகும். அவ்வளவுதான்.

இனி காகிதம். இந்த நாடு இன்னும் தபாலில்தான் பேசுகிறது. முகவரியைப் பதிவு செய்த பிறகு 11 இலக்க வரி எண் ஒரு சாதாரணக் கடிதத்தில் வரும். நான் அதை விளம்பரம் என்று நினைத்துப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். அலுவலகத்தில் அந்த எண்ணைக் கொடுக்காததால் முதல் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பில், அதாவது இருப்பதிலேயே அதிக விகிதத்தில், வரி பிடித்துவிட்டார்கள். பணம் பிறகு திரும்பி வந்தது, ஆனால் அந்த மாத வாடகைக்கு நண்பனிடம் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று. அன்றே ஓர்ட்னர் எனப்படும் இரண்டு துளைக் கோப்பும் துளையிடும் கருவியும் வாங்கினேன். கடிதத்தை நின்றபடியே பிரித்து, துளை போட்டு, கோப்பில் மாட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன். சம்பளச் சீட்டும் ஓய்வூதியக் காப்பீட்டுக் கடிதமும் வருடக் கணக்கில் இருக்கட்டும். வீட்டில் வேலை பார்த்த பிளம்பரின் பில் இரண்டு வருடம் போதும்.

அப்புறம், ஊருக்குப் போய் வரும்போது அம்மா கொடுக்கும் இட்லிப் பானையை மறுக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. எங்கள் கெல்லரில் மூன்று இருக்கின்றன. இன்னும் வாங்காதவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒன்றை எடுத்து வைக்கிறேன்.