ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சின்ன லேப்டாப்: முதலில் என்னென்ன செய்ய வேண்டும்?

முக்கூடல் தையல்கடை:

வணக்கம். மகள் இந்த ஜூனில் ஏழாவது போகிறாள். சென்னையில் இருக்கும் என் தம்பி அவளுக்கு ஒரு சின்ன லேப்டாப் அனுப்பியிருக்கிறான். 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. விண்டோஸ் 11, எஸ் மோட். ஆன் செய்ததிலிருந்து அப்டேட், அப்டேட் என்றே ஓடி, என் போன் ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா மதியத்துக்குள் காலி. இப்போது இடம் பற்றவில்லை என்று வேறு சொல்கிறது. நாங்கள் இன்னும் ஒரு பாட்டுக்கூட ஏற்றவில்லை!

வீட்டில் வேறு இணைப்பு கிடையாது. பகல் முழுக்க நான் மிஷினில் இருப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள முடியாது. பாடம், படம் வரைவது, தமிழில் டைப் அடிப்பது, இவ்வளவுதான் தேவை. ஒரு கடையில் கேட்டதற்கு, எஸ் மோடை எடுத்துவிட்டு எல்லாம் ஏற்றித் தர 1500 ரூபாய் என்கிறார்கள். கொடுக்கலாமா?

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

தங்கச்சி, அந்த 1500-ஐ முடிந்து வையுங்க. எஸ் மோடை எடுக்க மைக்ரோசாஃப்ட் பத்துப் பைசா வாங்குவதில்லை. ஆனால் எடுத்தால் எடுத்ததுதான், திரும்பப் போட முடியாது. அந்த மோடில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கும் செயலிகள் மட்டும்தான் ஏறும். நமக்கு அது தொல்லை, பிள்ளைக்கு அதுவே காவல். இலவச கேம் என்று எதையாவது இறக்கி அழுத்தினாலும் ஓடாது. என் கடைக்கு வருகிற பிள்ளைகள் லேப்டாப்பில் பாதி, அப்படி எதையோ ஏற்றிக்கொண்டு வருவதுதான். அப்படியே விடுங்க.

உங்க மெஷினில் இடம்தான் பிரச்சினை. 64 ஜிபி என்று போட்டிருந்தாலும் கணினி 59 சொச்சம்தான் காட்டும். விண்டோஸும் அதோடு கூடவே வந்த செயலிகளும் அதில் பாதியைத் தின்றுவிடும். இந்த விலை மெஷின்களில் அந்தச் சிப்பு பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கழற்றிப் பெரிசு போட முடியாது. அதனால் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்க. பெரிய அப்டேட் முடிந்திருந்தால் பழைய விண்டோஸின் மிச்சம் அங்கே ஜிபி கணக்கில் கிடக்கும். டிக் போட்டு அழித்துவிடுங்க. 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும், அதில் மட்டும் பார்த்து டிக் போடுங்க, பிள்ளை இறக்கிவைத்ததும் சேர்ந்து போய்விடும். சோதனைக்கு என்று கூடவே வந்த ஆன்டிவைரஸையும் தூக்கிடுங்க. விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது, அது போதும்.

டேட்டாவுக்கு: வைஃபை அமைப்பில் உங்க ஹாட்ஸ்பாட் பெயரைத் தொட்டு 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்க. பெரிய அப்டேட்டெல்லாம் காத்திருக்கும். அதற்காக ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை புது அப்டேட் வரும். அந்த வாரக் கடைசியில் ஃபைபர் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் போட்டு வையுங்க. ஃபைல்களை இணையத்தில் சேமித்துவைக்கும் ஒன்டிரைவ் தானாக ஏற்றுவதையும் நிறுத்துங்க.

முதல் கணக்கு உங்க பேரில் இருக்கட்டும், பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டும். மகளுக்குத் தனியாகக் குழந்தைக் கணக்கு. 'ஃபேமிலி சேஃப்டி' செயலியை உங்க போனில் போட்டால், மிஷினில் உட்கார்ந்தபடியே எத்தனை மணி நேரம் என்று பூட்டலாம். அதன் இணைய வடிகட்டி எட்ஜ் பிரௌசரில்தான் வேலை செய்யும், வேறு பிரௌசர் ஏற்ற வேண்டாம்.

அப்புறம், மெத்தை மேல் வைக்க விடாதீங்க. இந்தச் சின்ன மெஷின்களில் பலவற்றில் உள்ளே விசிறியே கிடையாது. தரையில் பத்தமடைப் பாய் விரித்து வைத்தால்கூடப் பரவாயில்லை.

சேரன்மகாதேவி வாத்தியார்:

அண்ணாச்சி சொன்னதற்கு மேல் இரண்டே விஷயம். பாடப்புத்தகம் பிடிஎஃப் ஆக அரசுத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பருவம் தொடங்கும்போது ஒரு தடவை இறக்கி மெமரி கார்டில் போட்டுவிட்டால் தினமும் டேட்டா செலவில்லை. பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் 'ஸ்க்ராட்ச்' செயலி ஸ்டோரிலேயே இருக்கிறது, அதுவும் இணையம் இல்லாமல் ஓடும். படம் வரைய பெயின்ட் போதும்.

தமிழுக்கு, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து 'தமிழ் 99' விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்தில் 'amma' என்று அடித்துத் தமிழாக்கும் பழக்கத்தை மட்டும் தொடங்கிவைக்காதீர்கள். தமிழ் 99-இல் உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்து 'அம்மா' வந்துவிடும். இந்த வயசில் விரல் சீக்கிரம் பழகும். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் தட்டினால் ஆங்கிலம், மறுபடி தட்டினால் தமிழ்.

அம்பை பையன்:

அக்கா, எல்லாத்தையும் அழிச்சிட்டு, விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போடுங்க. எங்க வீட்டுப் பரண்ல கிடந்த பழைய அரசு லேப்டாப்பே அதுலதான் ஓடுது. ஒண்ணே ஒண்ணு, தேதி மட்டும் பழைய வருஷத்துக்குப் போய் எந்த வெப்சைட்டும் திறக்கல. உள்ளே காசு மாதிரி வட்டமா இருக்கிற பேட்டரியை மாத்தினதும் சரியாயிடுச்சு.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

தம்பி, பழைய மெஷினுக்கு நீ சொல்வது சரி. அதில் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டுப் பார், இன்னும் பறக்கும். வாரண்டியில் இருக்கும் புதுசில் எதற்கு? சவுண்டோ வைஃபையோ மக்கர் செய்தால் முக்கூடலில் அந்தப் பிள்ளைக்கு யார் வந்து பார்ப்பார்கள்? நீ போவியாவே?

முக்கூடல் தையல்கடை:

அண்ணாச்சி, டெம்பரரி ஃபைல்ஸில் மட்டும் 17 ஜிபி போனது! மகள் இப்போது தன் பேரை டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். மெமரி கார்டு எத்தனை ஜிபி வாங்கட்டும்? ஆன்லைனில் 1 டிபி 300 ரூபாய் என்று ஒன்று பார்த்தேன்.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

ஐயோ, அதைத் தொடாதீங்க. அந்த விலைக்கு அவ்வளவு இடம் வரவே வராது. கொஞ்சம் நிரம்பியதும் பழைய ஃபைலெல்லாம் கெட்டுப்போகும். பில் தருகிற கடையில் 64 ஜிபி போதும்.